பழைய புல்லட்டின் மங்கிய அலுமினிய எஞ்சின்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருவொற்றியூரில் 1950களின் நடுவில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தயாரான 346 சிசி ராயல் என்ஃபீல்ட் புல்லட்டை ‘காஸ்ட் அயர்ன்’ (வார்ப்பிரும்பு) என்கிறோம். ஆனால் அந்த எஞ்சினில் வெளியே தெரியும் இரும்பு என்பது போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர், மட்டும்தான். மேலே ஹெட், கீழே கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிப்பெட்டி), வலப்பக்க டைமிங் கவர், இடப்பக்க செயின் கேஸ், பின்னால் தனியாக நிற்கும் கியர் பாக்ஸ், எல்லாம் அலுமினிய வார்ப்பு. வண்டி மங்கிக் கிடக்கிறது என்று சொல்லும்போது மங்கியிருப்பது இவைதான்.

இந்த எஞ்சின்களைக் கெடுத்ததில் மழைக்கும் உப்புக்காற்றுக்கும் உள்ள பங்கைவிட, சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பியவர்களின் பங்கு அதிகம். மங்கல் என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அது ஐந்தாறு வெவ்வேறு கேடு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு நஞ்சு. அதனால் கையில் எமரி ஷீட்டை எடுக்கும் முன் மேலே இருப்பது என்ன என்று பாருங்கள்.

தொடங்கும் முன் மூன்று சோதனை

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டு, நைலான் பிரஷால் எண்ணெய்ச் சகதியை எடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு மூடி, ஒரு வாளித் தண்ணீரில். காரம் அதிகமுள்ள சலவைத் தூள் வேண்டாம். கார்புரேட்டர் வாய், சைலன்சர் முனை, பிரீதர் குழாய் (எஞ்சின் உள்காற்று வெளியேறும் குழாய்), பாயின்ட் மூடி (இக்னிஷன் பாயின்ட்டை மூடியிருப்பது) ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பை சுற்றி அடைத்துவிடுங்கள். சர்வீஸ் ஸ்டேஷனின் அழுத்தத் தண்ணீர் இந்த எஞ்சினுக்கு ஆகாது. 40 வருடப் பழைய கேஸ்கெட்டைத் தாண்டி உள்ளே போய்விடும்.

காய்ந்ததும், மூடியில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் தின்னர் நனைத்த துணியால் தேயுங்கள். துணியில் வெள்ளி நிறம் ஒட்டினால் யாரோ சில்வர் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பிசுபிசுவென்று மஞ்சளாக வந்தால் கிளியர் லாக்கர், அதாவது காப்புக்காக அடிக்கும் நிறமில்லாப் பூச்சு. ஒன்றும் வராவிட்டால் அதே இடத்தில் மெட்டல் பாலிஷ் வைத்துத் தேயுங்கள். துணி உடனே கரிபோல் கறுத்தால் அது வெற்று அலுமினியம். எவ்வளவு தேய்த்தாலும் கறுக்கவில்லை என்றால் மேலே குரோம் இருக்கிறது, அல்லது தின்னருக்கும் அசையாத கெட்டி லாக்கர்.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். டைமிங் கவர், செயின் கேஸின் வெளிமூடி, கியர் பாக்ஸ் வெளிமூடி, இவை பளபளப்பாகவே வந்தவை. கிராங்க் கேஸும் ஹெட்டும் அப்படியல்ல. வார்ப்பின் சொரசொரப்போடுதான் வந்தன. அந்தச் சொரசொரப்பைத் தேய்த்துக் கண்ணாடியாக்குபவர்கள் உண்டு. தேய்த்தபின் திரும்பக் கொண்டுவர முடியாது. பழைய வண்டியின் முகத்தையே மாற்றும் வேலை அது.

மூடிகள் சாம்பல் நிறம். கை வைத்தால் வழவழப்பு, குழி இல்லை

இருப்பதிலேயே எளிய நோய் இது. அலுமினியத்தின் மேல் காற்றுபட்ட கணமே ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் உருவாகிறது. அதுதான் உலோகத்தைக் காப்பது. ஈரமும் அழுக்கும் சேர்ந்து அந்தத் தோல் தடிக்கும்போது வெளிச்சம் சிதறி, சாம்பலாகத் தெரிகிறது.

எமரி ஷீட் தேவையே இல்லை. குழாயில் வரும் மெட்டல் பாலிஷ் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, பழைய பனியன் துணி. உள்ளங்கை அளவு இடம் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் அழுத்தித் தேயுங்கள். துணி கறுக்கும், பேஸ்ட் காய ஆரம்பிக்கும். அது முழுக்கக் காயும் முன் சுத்தத் துணியால் துடையுங்கள். ‘கறுப்பு வருவது நிற்கும்வரை தேய்’ என்று சொல்வார்கள். நிற்காது. அந்தக் கறுப்பு அழுக்கல்ல, பாலிஷ் சுரண்டியெடுக்கும் அலுமினியத் துகளே. மேற்பரப்பைப் பார்த்து நிறுத்துங்கள், துணியைப் பார்த்து அல்ல.

இரண்டு சுற்றுக்குப் பிறகும் புகைமூட்டமாகவே இருந்தால் அடுத்த பகுதிக்குப் போகவும்.

வெள்ளைப் பொடி, அதன் கீழே ஊசி குத்தியதுபோல் குழிகள்

கடலோர வண்டிகளின் நோய். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் வெளியில் நின்ற வண்டி என்றால் இது அநேகமாக இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு ஆக்சைடு தோலை ஓரிடத்தில் துளைத்து உள்ளே இறங்குகிறது. துளைக்குள் அரிப்பு கீழ்நோக்கியே போகும். வெளியே தள்ளப்படுவதுதான் அந்த வெள்ளைப் பொடி. எஃகுத் திருகுகளைச் சுற்றி அதிகமாக இருப்பதற்குக் காரணம், ஈரத்தில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் தன்னைக் கொடுத்துக் கரையும்.

முதலில் பொடியை எடுக்க வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு 50 கிராம், வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் ஒரு லிட்டர். பிரஷால் தடவி ஐந்து நிமிடம், காயவிடாமல். நைலான் பிரஷால் தேய்த்து, தாராளமாகக் கழுவவும். புளி போட்டுத் தேய்க்கும் வழக்கமும் இருக்கிறது. புளி தவறில்லை, அதோடு சேர்க்கும் கல்லுப்புதான் தவறு. எந்தக் குளோரைடை வெளியேற்றப் பாடுபடுகிறோமோ அதையே கையால் தேய்த்து ஏற்றுவதாகிவிடும்.

கழிவறை கழுவும் அமிலம் பக்கமே போகாதீர்கள். அதுவும் குளோரைடுதான், அலுமினியத்தைக் குழியாக்கும், அதன் ஆவி பட்டுப் பக்கத்திலுள்ள ஸ்போக்கும் நட்டும் மறுநாளே துருப்பிடிக்கும். அலாய் வீல் கழுவ விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டால் முதலில் வலிக்காமலேகூட எலும்புவரை போகும் சரக்கு அது. லேபிளில் அந்தப் பெயரைக் கண்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசிக் கழுவல் ஆழ்குழாய்த் தண்ணீரில் வேண்டாம். கடலோர ஊர்களில் அந்தத் தண்ணீரே உப்பு. குடிதண்ணீர் அல்லது மழைநீர் இரண்டு குடம் போதும்.

இனி குழி. குழியை நிரப்ப முடியாது. சுற்றியுள்ள பரப்பைக் குழியின் அடிமட்டம்வரை இறக்கத்தான் முடியும். அதனால் எந்த எண்ணில் தொடங்குவது என்பதை நகம் சொல்லட்டும். நகத்தில் தட்டும் குழி என்றால் 240 எண் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் எமரி; எண் கூடக்கூட மென்மை), தட்டாதது என்றால் 400. பிறகு வரிசை 600, 800, 1000, 1500, 2000. தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, பேப்பரை அரைமணி ஊறவைத்து, பழைய சைக்கிள் டியூப் துண்டில் சுற்றிப் பிடித்துத் தேயுங்கள். வெறும் விரலால் பிடித்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகி, பாலிஷ் செய்தபின் அலையாகத் தெரியும்.

முழு வேலையின் உயிர் இந்த ஒரு பழக்கத்தில் இருக்கிறது: 400ஐ இடவலமாகத் தேய்த்தால் 600ஐ மேல்கீழாக, 800ஐ மறுபடி இடவலமாக. முந்திய எண்ணின் கோடுகள் குறுக்கே தெரியும். அவை ஒன்றுகூட மிச்சமில்லாமல் மறைந்தபிறகே அடுத்த எண். எண் மாறும்போது வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். 240இன் ஒரு மணல் 1500க்கு நடுவே சிக்கினால் ஒரு மணி நேர வேலை வீண். டைமிங் கவர் ஒன்றுக்குக் கையால் நான்கைந்து மணி நேரம் ஆகும், அவசரப்பட்டுப் பயனில்லை.

ஆழமான குழிகள் நாலைந்து மிஞ்சினால் விட்டுவிடுங்கள். குறிப்பாகத் திருகு ஓட்டையைச் சுற்றியும், மூடியின் விளிம்பிலும். அங்கே உலோகத்தை இறக்கினால் கேஸ்கெட் உட்காரும் பரப்பு போய், பளபளப்போடு எண்ணெய்க் கசிவும் வரும்.

வண்டியில் இருக்கும்போதே தேய்ப்பதா, கழற்றியா? செயின் கேஸ் வெளிமூடி நடுவில் ஒரே நட்டில் நிற்பது. அடியில் எண்ணெய்க்குத் தட்டு வைத்து, இடப்பக்க ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் எடுத்தால் கையோடு வந்துவிடும், கழற்றியே செய்யுங்கள். திரும்பப் போடும்போது அந்த நட்டை வெறியோடு இறுக்க வேண்டாம். மூடி வளைந்து, புது ரப்பர் சீல் போட்டும் ஒழுகும். டைமிங் கவர் கதை வேறு. ஆயில் பம்புகளும் ஃபில்டரும் அதில்தான் இருக்கின்றன. கிராங்குக்குப் போகும் எண்ணெயும் அதன் வழியாகத்தான். வேறு காரணத்துக்காகத் திறக்கவேண்டி இருந்தால் ஒழிய, பளபளப்புக்காக மட்டும் அதைக் கழற்றாதீர்கள். இடத்திலேயே வைத்துத் தேயுங்கள். கியர் பாக்ஸ் மூடியைத் தேய்க்கும்போது கிக்கர் ஷாஃப்டையும் கியர் ஷாஃப்டையும் சுற்றி டேப் ஒட்டுங்கள். மணல் கலந்த சேறு ஷாஃப்டில் படிந்தால் சீலை அறுத்துவிடும்.

மஞ்சள் தோல், அடியில் புழு ஊர்ந்ததுபோல் கோடுகள்

பாலிஷ் நிற்கட்டும் என்று யாரோ லாக்கர் அடித்திருக்கிறார்கள். ஒரு கல் தெறித்து லாக்கரில் கீறல் விழுந்ததும் ஈரம் உள்ளே போய், தோலுக்கு அடியிலேயே கோடு கோடாக அரித்துக்கொண்டு போகும். மேலே எத்தனை பாலிஷ் போட்டாலும் அது லாக்கரில்தான் படும், உலோகத்தைத் தொடாது.

கெட்டியான பெயின்ட் ரிமூவரை ஒரே திசையில் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி 15 நிமிடம் விடுங்கள். ரப்பர் கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். பிளாஸ்டிக் சீவுளியால் வழித்தெடுத்து, தின்னரால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவவும். எமரியால் லாக்கரைத் தேய்த்து எடுக்க முயன்றால் பேப்பர் பிசின் பிடித்து வழுக்குமே தவிர வேலை நகராது. லாக்கர் போனபின் புழுக்கோடுகளுக்கு 400இல் தொடங்கி மேலே சொன்ன வரிசை.

குரோம் உரிந்திருந்தால் வீட்டில் தீர்வில்லை. எமரிக்கு அது மசியாது; சுற்றியுள்ள அலுமினியம்தான் பள்ளமாகும். பிளேட்டிங் பட்டறையில் கொடுத்துக் குரோமைக் கழற்றச் சொல்லுங்கள். அலுமினியம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் இரும்புக்கான தொட்டியில் போட்டுவிடுவார்கள்.

சுத்தம் செய்தபின் கறுத்துவிட்டது

காஸ்டிக் சோடா, சலவை சோடா, அடுப்புக் கரி நீக்கும் ஸ்ப்ரே, இவற்றில் ஒன்று பட்டிருக்கும். காரம் அலுமினியத்தைக் கரைக்கும். பொங்கும் குமிழிகள் ஹைட்ரஜன். வார்ப்பு அலுமினியத்தில் கலந்திருக்கும் சிலிக்கானும் செம்பும் கரையாமல் மேலே கரிபோல் படிந்துவிடும். அழுக்கு வெளியே வருகிறது என்று நினைத்து இன்னொரு முறை தடவுவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தோல் உலோகம் போகிறது.

உடனே நிறைய தண்ணீர். பிறகு மேலே சொன்ன எலுமிச்சை உப்புக் கரைசல் ஒரு முறை, துளைகளில் ஒளிந்திருக்கும் காரத்தை முறிக்க. மறுபடி தண்ணீர். கறுப்பு அதில் போகாது. பளபளப்பு மூடியென்றால் 800இலிருந்து தேய்த்து எடுங்கள். சொரசொரப்பான கிராங்க் கேஸ் என்றால் நைலான் நார்த் தேய்ப்பான், திரவ மெட்டல் பாலிஷ், பொறுமை.

பழைய அமல் மோனோபிளாக் கார்புரேட்டரும் அதே சமயம் கறுத்திருந்தால் ஆச்சரியமில்லை. பார்க்க அலுமினியம்போல் இருந்தாலும் அதன் உடல் துத்தநாகக் கலவை. அமிலமும் சரி, காரமும் சரி, அதற்கு இரண்டும் ஆகாது. பெட்ரோலும் மென்பிரஷும் மட்டும்.

ஹெட்டின் ஃபின்களில் (சூடாற்றும் தகடுகளில்) பழுப்பு வார்னிஷ்

இது ஆக்சைடு அல்ல, சுட்ட எண்ணெய். ராக்கர் (வால்வைத் தள்ளும் நெம்பு) மூடி கேஸ்கெட், ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் செம்பு வாஷர்கள், இவற்றிலிருந்து கசிந்து சூட்டில் காய்ந்து கெட்டியானது. கசிவை நிறுத்தாமல் துடைத்தால் இரண்டு வாரத்தில் அதே கோலம். எனவே முதலில் ஸ்பேனர், பிறகு பிரஷ்.

டீசல் நனைத்த பனியன் வேஸ்ட்டை ஃபின்களுக்கு நடுவே செருகி ஓரிரவு விடுங்கள். காலையில் பல் துலக்கும் பிரஷும், நுனி தட்டையாகச் சீவிய மூங்கில் குச்சியும். அப்படியும் போகாத இடத்துக்கு கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, குளிர்ந்த எஞ்சினில் மட்டும். ஸ்பார்க் பிளக் இருக்கும் பள்ளத்தில் மணலோ பொடியோ சேர்ந்திருந்தால், பிளக்கைக் கழற்றும் முன் ஊதி எடுத்துவிடுங்கள். உள்ளே விழுந்தால் போருக்குக் கீறல்.

அலுமினியத்தில் சிவப்புத் துருப் புள்ளிகள்

அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது. இரும்புக் கம்பி பிரஷோ, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரோ பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதன் துணுக்குகள் மென்மையான உலோகத்தில் பதிந்து இப்போது துருப்பிடிக்கின்றன. எலுமிச்சை உப்புக் கரைசலைப் பஞ்சில் நனைத்துப் புள்ளிகளின்மேல் பத்து நிமிடம் வைத்துக் கழுவி, 1000 எண்ணில் லேசாக ஒரு சுற்று. இனி நைலான், அல்லது ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷ்.

பஃபிங் (சுழலும் துணிச் சக்கரத்தில் பாலிஷ்) கொடுத்து வாங்கினேன். மேகம், பட்டை, வழிந்த விளிம்பு

மேகம் என்றால் எமரி வரிசையில் ஒரு எண்ணைத் தாண்டிவிட்டார்கள். சக்கரம் அந்தக் கோடுகளை மழுக்கியிருக்கிறது, எடுக்கவில்லை. மீண்டும் 600க்குப் போவதைத் தவிர வழியில்லை. இழுபட்டதுபோன்ற பட்டை என்றால் ஒரே இடத்தில் அதிக நேரம் அழுத்திச் சூடேற்றியிருக்கிறார்கள். வழிந்த விளிம்பையும் தேய்ந்த எழுத்தையும் திருப்ப முடியாது. பட்டறையில் கொடுக்கும்போதே ‘விளிம்பு, எழுத்து, திருகு ஓட்டை தொடாதே’ என்று மார்க்கரால் வட்டமிட்டுக் கொடுப்பது நல்லது.

நீங்களே செய்வதென்றால் 6 அங்குலத் தையல் பஞ்சுச் சக்கரம், 2,800 சுற்று மோட்டார். முதலில் பழுப்பு பாலிஷ் மெழுகுக் கட்டி, பிறகு வேறு சக்கரத்தில் வெள்ளைக் கட்டி. ஒரே சக்கரத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். மூடியைச் சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே பிடியுங்கள், விளிம்பு எப்போதும் சக்கரம் ஓடும் திசைக்குப் பின்வாங்கி இருக்கட்டும். எதிர்த்து நின்றால் கையிலிருந்து பிடுங்கி எறியும். இடம் மாற்றிக்கொண்டே இருங்கள், ஓரிடத்தில் மூன்று நான்கு வினாடிக்கு மேல் வேண்டாம். கையுறை சக்கரத்தில் சிக்கும் என்பதால் தளர்வானது கூடாது. அதே மோட்டாரில் இரும்பும் கிரைண்ட் செய்யாதீர்கள்: அலுமினியத் தூசியில் இரும்புப் பொறி விழுந்தால் தீ. அந்தத் தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, உலர்ந்த மணல்தான்.

மூடியில் ஒட்டிய மெழுகை எடுக்க மைதா தூவித் துணியால் துடைத்தால் அழகாக வரும். கோலமாவு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். கடையில் விற்பது பெரும்பாலும் கல்பொடி, கீறிவிடும்.

கிராங்க் கேஸ் சொரசொரப்புக்கு பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணிகளை வீசிச் சுத்தம் செய்வது) கேட்டால், எஞ்சின் முழுக்கப் பிரித்திருந்தால் மட்டும், கண்ணாடி மணியில் மட்டும். மணல் வேண்டாம். பிரித்த கேஸிலும் எல்லா எண்ணெய் ஓட்டையையும் மரையையும் ரப்பர் கொண்டு அடைத்து, முடிந்ததும் ஒவ்வொன்றிலும் காற்றடித்து, சுடு சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். எண்ணெய்க் கால்வாயில் ஒரு சிட்டிகை மணி மிஞ்சினால் பிக் எண்டின் (கனெக்டிங் ராடின் கீழ்முனை பேரிங்) ஆயுள் நாட்களில் முடியும்.

திருகு அசையவில்லை, தலை வழுக்குகிறது

வெள்ளைப் பொடி மரையைக் கவ்வியிருக்கிறது. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள். பிறகு சுற்றியுள்ள அலுமினியத்தை ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் அதற்குப் பிறகு.

பதிலுக்கு ஸ்டெயின்லெஸ் அலன் போல்ட் போடுகிறவர்கள் அளவு பார்த்துப் போடவும். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரை. கால் அங்குலம் என்பது 6.35 மில்லி, 6 மில்லி போல்ட் அதில் ஏறியதுபோல் காட்டி, இறுக்கும்போது மரையை உருவிக்கொண்டு வரும். மரை கவ்விக்கொள்ளாமல் இருக்க ஆன்டி சீஸ் பேஸ்ட் மெல்லியதாகத் தடவுங்கள். ஸ்டெயின்லெஸ் போட்டால் அரிப்பு நின்றுவிடும் என்பது உண்மையல்ல, ஈரம் இருந்தால் அலுமினியம் அதோடும் கரையும்.

நன்றாக வந்தது, ஒரு வாரத்தில் மறுபடி மங்கல்

திட்டுத் திட்டாக வெள்ளை என்றால் அமிலமோ சோப்போ வார்ப்பின் துளைகளில் மிஞ்சியிருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூட்டில் காயவைக்க வேண்டும். சீராக மங்கினால் காப்பு இல்லை. பாலிஷ் முடிந்த அன்றே பேஸ்டின் மெழுகைத் தின்னரால் துடைத்து, கார்னௌபா மெழுகு மெல்லியதாக இரண்டு பூச்சு. டைமிங் கவர், செயின் கேஸ், கியர் பாக்ஸுக்கு இது போதும். அந்த மெழுகு 80 டிகிரிக்குச் சற்று மேலே உருகிவிடும் என்பதால் ஹெட்டுக்குப் பயன்படாது. ஹெட்டை அப்படியே விடுங்கள். கிராங்க் கேஸின் சொரசொரப்புக்கு, சொட்டாத அளவு மெல்லிய எண்ணெய் நனைத்த துணியால் ஒரு துடைப்பு.

மெழுகு கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் இரண்டு மாதம், கடலோரத்தில் ஒரு மாதம் தாங்கும். லாக்கர் அடித்தால் இந்த வேலை மிச்சமாகும்தான், ஆனால் புழுக்கோடு வரும் நாளில் முழுவதையும் உரிக்கவேண்டி வரும். கடற்கரைச் சாலையில் ஓட்டிவந்த அன்று இரவே ஒரு குவளை நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, உலர்துணியால் இன்னொரு முறை. எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். ஆறும்போது அடியில் வியர்த்து, காலையில் மூடி முழுக்கத் தண்ணீர் முத்துக்கள் நிற்கும். பழைய பருத்திப் போர்வை போதும்.